ஒக்கலிபுரத்து அலைச் சட்டை

பெர்னதெத் கடலைப் பார்த்ததில்லை. அவள் புருஷன் சவரிமுத்துவும் பார்த்ததில்லை. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெரிந்த பெரிய தண்ணீர், நல்ல மழை பெய்தால் நிறைகிற ஏரி ஒன்றுதான். அப்படிப்பட்ட இரண்டு பேர், பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஒண்டிக் குடித்தனத்தில் உட்கார்ந்துகொண்டு, கடலில் பலகை மேல் நின்று அலையோடு சறுக்கி விளையாடுகிறவர்களின் சட்டையைத் தைத்து விற்கக் கிளம்பினார்கள் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ஒக்கலிபுரமே சிரித்தது. வீட்டுக்காரம்மா ருக்கு மட்டும் சிரிக்கவில்லை. தன் இட்லிப் பானையை இரவல் கொடுத்துவிட்டு, அது நீலமாகத் திரும்பி வந்ததைப் பார்த்து அவள் அடங்காத கோபத்தில் இருந்தாள்.

சிரித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. பெர்னதெத்துக்கு அது வியாபாரமே அல்ல. புருஷனைப் பூமிக்கு மேலே நிறுத்தி வைத்துக்கொள்ள அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

சவரிமுத்து சுரங்கத்தில் மரம் கட்டுகிறவன். குடைந்துகொண்டே போகிற இடத்தில் மேல் பாறை தலையில் இறங்காமல் கட்டையும் பலகையும் வைத்து முட்டுக் கொடுப்பது அவன் வேலை. பத்து வருஷம் செய்தான். பெர்னதெத்தின் அண்ணன் ஞானப்பிரகாசமும் அவனோடு அதே கூட்டத்தில்தான் இருந்தான். அறுபத்து நாலாம் வருஷம் ஒருநாள் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தது. பாறை எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே இறங்குகிறவன் அதைப்பற்றிப் பேசவும் மாட்டான். சவரிமுத்து கட்டை எடுக்க நாலு எட்டு பின்னால் வந்திருந்தான், பிழைத்தான். ஞானப்பிரகாசம் முன்னால் நின்றிருந்தான்.

அடக்கம் முடிந்த அன்றே பெர்னதெத் புருஷனை மாதா படத்துக்கு முன்னால் முட்டி போட வைத்தாள். இனிமேல் இறங்குவதில்லை என்று சத்தியம் வாங்கினாள்.

"பிச்சை எடுக்கணும்னாலும் மேல நின்னு எடுங்க. நானும் பக்கத்துல நிக்கறேன்," என்றாள்.

அப்படித்தான் அவர்கள் பெங்களூர் வந்தார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, பூமிக்கு அடியில் அவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தவனுக்குப் பூமிக்கு மேலே ஒரு வேலையும் இல்லை என்பது. மில்லில் ஆள் எடுக்கவில்லை. மரக்கிடங்கில் வாரத்துக்கு இரண்டு நாள் சுமை தூக்கினான். மீதி நாளெல்லாம் ரயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெர்னதெத் கான்வென்டில் தையல் படித்தவள். கமர்ஷியல் தெருக் கடை ஒன்றுக்கு ரவிக்கையும் கவுனும் தைத்துக் கொடுத்தாள். அவள் தையல் கச்சிதமாக இருக்கும். ஆனால் அவள் கை ஒன்றால் இரண்டு வயிறு நிறையவில்லை. நிறையாத நாட்களில் சவரிமுத்து ரயிலைப் பார்க்கிற பார்வையே வேறு மாதிரி இருந்தது. அந்தத் தண்டவாளம் பங்காருப்பேட்டை வழியாகத் தங்கவயலுக்குப் போகிறது.

"போயிடலாமா பெர்னா?" என்று அவன் கேட்பான்.

"வாயக் கழுவுங்க," என்பாள் அவள்.

இந்த நிலைமையில்தான் டெஸ்மண்ட் வந்தான். கன்டோன்மென்ட் பக்கத்து ஆங்கிலோ இந்தியப் பையன், கிதார் வாசிக்கிறவன். கிளப் டான்ஸ்களில் வாசிக்கும் ஐந்து பேர் குழு ஒன்று அவனுக்கு இருந்தது. அவன் அம்மாவுக்கு பெர்னதெத் கவுன் தைத்திருந்தாள். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு தாளை அவன் நீட்டினான். அதில் நாலைந்து வெள்ளைக்காரப் பையன்கள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் நின்றார்கள். பட்டன் போடாமல் திறந்துவிட்ட சட்டை. சட்டை முழுக்க நீல அலை. பின்னால் ஒருவன் நிஜ அலைக்கு அடியில் பலகை மேல் நின்றுகொண்டிருந்தான்.

"சர்ஃப் ஷர்ட் ஆன்ட்டி. எங்களுக்கு அஞ்சு வேணும். சர்ஃப் மியூசிக்தான் இப்போ எல்லா இடத்துலயும்," என்றான் டெஸ்மண்ட்.

"சர்ஃபா? துணி துவைக்கிற தூளா?" என்று ருக்கு எட்டிப் பார்த்தாள்.

அந்தத் தாளைச் சவரிமுத்து வாங்கிப் பார்த்தான். சட்டையை அவன் பார்க்கவில்லை. தலைக்கு மேல் வளைந்து வருகிற அந்த அலையைப் பார்த்தான்.

"மேல கூரையே சரிஞ்சு வருது. முட்டுக் கட்டை ஒண்ணும் இல்ல. இவன் இன்னாடான்னா கீழ நின்னு சிரிக்கிறான்," என்றான்.

ஆனாலும் அவனுக்கு அது பிடித்துவிட்டது. மரக்கிடங்கில் ஒரு தேக்குத் துண்டு கேட்டு வாங்கி வந்தான். உளி பிடித்த கை அல்லவா? அலை எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக அல்சூர் ஏரி வரைக்கும் நடந்தே போனான். அங்கே இருந்தது காற்றுக்குச் சிலிர்க்கும் தண்ணீர்தான். அதனால் படத்தையே பார்த்து அச்சுச் செதுக்கினான். வளைந்த அலை ஒன்று, அதன் கீழே குட்டியாக ஒரு மனுஷன். சிக்பேட்டையில் சாயம் வாங்கினார்கள். கோந்து கலந்து வெள்ளைப் பாப்ளினில் பதித்தார்கள். காய்ந்ததும் ருக்குவின் இட்லிப் பானையில் ஆவி காட்டினார்கள், சாயம் நின்றது. அச்சடிக்க மேஜை கிடையாது. பகலில் வீட்டுக் கதவைக் கழற்றி இரண்டு பெட்டி மேல் படுக்க வைத்தார்கள். கதவில்லாத வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் உடம்பெல்லாம் நீலமாக நின்று வேலை செய்வதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. என்ஜின் புகையின் கரித்தூள் ஈரத்துணியில் விழுந்து புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளிக்கும் சவரிமுத்து இரண்டு சிறகு வரைந்துவிடுவான். பறவை ஆகிவிடும்.

கல்யாணம் ஆகி எட்டு வருஷத்தில் அவர்கள் அப்படிச் சிரித்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்குச் செய்கிற துரோகம்.

ஐந்து சட்டையும் தயாராயின. டெஸ்மண்டின் குழு அதைப் படத்தில் உள்ளபடியே திறந்துவிட்டு, உள்ளே பனியனோடு, மேடையில் நின்று வாசித்தது. அதைப் பார்த்த ஒருவர் ஆள் அனுப்பினார். சீனிவாசராகவன் என்று பெயர். பிரிகேட் ரோடில் ஆண்களுக்கான ஆயத்த ஆடைக் கடை ஒன்றுக்கு மேனேஜர், நியாயமான மனுஷர். கிறிஸ்துமஸுக்குப் பத்து டஜன் வேண்டும், டிசம்பர் முதல் வாரம் கடையில் இருக்க வேண்டும், விற்றால் ஜனவரியிலிருந்து மாசா மாசம் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

பெர்னதெத்துக்குக் காது அடைத்துப் போயிற்று. மாசா மாசம் என்றால் சவரிமுத்து மாசா மாசம் வீட்டில் இருப்பான் என்று அர்த்தம். சுரங்கத்திலிருந்து அவன் கொண்டுவந்த பி.எப். பணத்தில் மிச்சம் இருந்ததெல்லாம் பாப்ளினாயிற்று. மூன்று மாதம் இருவரும் வேறு எதையும் நினைக்கவில்லை. அவன் அச்சடித்தான், அவள் வெட்டினாள், தைத்தாள், பட்டன் வைத்தாள். முதுகு போயிற்று. கண் எரிந்தது. வேலைக்குத் திரும்பி வரச்சொல்லித் தங்கவயலிலிருந்து கடிதம் வந்தால் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள்.

டிசம்பர் மூன்றாம் தேதி ஜட்கா வைத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பிரிகேட் ரோடு போனார்கள். சவரிமுத்து தானும் ஒரு அலைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். பட்டனெல்லாம் ஒழுங்காகப் போட்டுத் தலைசீவி, மாப்பிள்ளை மாதிரி இருந்தான். சீனிவாசராகவன் ஒரு சட்டையை விரித்துப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பேஷ்! பறவை கூட இருக்கே. யாரு கை இது, உங்களோடதா?" என்று சவரிமுத்துவைக் கேட்டார். கடைப்பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டச் சொன்னார்.

அந்த ஆள் போட்டுக்கொண்டான். பட்டன் போடப் போனான். கை தடுமாறியது. குனிந்து பார்த்தான், மறுபடி முயன்றான், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சீனிவாசராகவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். இன்னொரு சட்டையை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார்.

"என்னம்மா இது, பட்டன் எல்லாம் இடது பக்கம் வெச்சிருக்கேள்? இது பொம்மனாட்டி சட்டைன்னா!"

பெர்னதெத்துக்கு முதலில் புரியவில்லை. கான்வென்டில் அவள் தைக்கக் கற்றது சுரங்க அதிகாரிகளின் மனைவிமார்களுக்கு. ரவிக்கை, கவுன், இரவு உடை. பட்டன் என்றால் இடது பக்கம், அது நுழைகிற காஜா என்றால் வலது பக்கம். பத்து வயதிலிருந்து அவள் கை அப்படியே பழகியது. ஆண்பிள்ளைச் சட்டையை அவள் வாழ்க்கையில் தைத்ததே இல்லை, அதற்கெல்லாம் ஆண் டெய்லர்கள் இருந்தார்கள். டெஸ்மண்ட் கொடுத்த படத்தில் சட்டைகள் திறந்து கிடந்தன. அவனும் அவன் ஆட்களும் பட்டனே போடவில்லை. அதனால் அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை.

"கன்டோன்மென்ட் ஜனங்கள் இதையெல்லாம்தான் முதல்ல பாப்பா. நான் எடுத்துண்டா என் வேலை போயிடும்மா," என்றார் சீனிவாசராகவன். அவருக்கே சங்கடமாக இருந்தது. ஜட்கா வரைக்கும் ஒரு மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து மூட்டைகளை இறக்கிய பிறகுதான் பெர்னதெத்துக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சவரிமுத்து காலையிலேயே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டவன் ஆயிற்றே?

"உங்களுக்குத் தெரியலையா? நீங்க ஆம்பளதானே? தெனம் சட்டை போடறவருதானே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"போன மாசமே ஒண்ண போட்டுப் பாத்தேன். கை இடறிச்சு. கடல்காரங்க மாடல் இப்படித்தான் போலன்னு நெனச்சேன். நமக்கு இன்னா தெரியும்னு உன்ன கேக்கல."

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கத்துவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை? பட்டன் வைத்தது அவள் கைதான். அவன் தன்னை நம்பியதற்காக அவனைத் திட்ட முடியுமா? சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். நூற்றிருபது சட்டையும் எதிரே குவிந்து கிடந்தன.

காஜாவை அடைத்து மாற்றித் தைத்துப் பார்த்தாள். வெள்ளைப் பாப்ளினில் அடைத்த காஜா காயத் தழும்பு மாதிரி தெரிந்தது. இருபது சட்டையோடு விட்டுவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்தினம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு ஓரம் சாக்கு விரித்துப் பரப்பினார்கள். ஜனம் கூடியது, தூக்கிப் பார்த்தது. ஒரு துணிக் கடைக்காரன் வந்து காஜாவில் விரல் விட்டுக் காட்டி, "இன்னா மா, பேகம் சட்டையா இது? மீசக்காரனுக்கு விக்கறே?" என்று சத்தமாகக் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சவரிமுத்து அன்றும் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தான். மெதுவாகத் துண்டை எடுத்து மார்பின் மேல் போட்டு மறைத்துக்கொண்டான். பெர்னதெத் சாக்கைச் சுருட்டினாள்.

அந்தத் துண்டை அவள் மன்னிக்கவே இல்லை. தன்னைத்தான் மன்னிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். புருஷன் கூனிக் குறுகி மார்பை மூடிக்கொண்டது அவள் கண்ணிலேயே நின்றது. அதற்குப் பிறகு அவன் மரக்கிடங்குக்கும் போகவில்லை. அச்சுக் கட்டையை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு வைத்தான். அவள் அதை எடுத்துக் கழுவி மறுபடி அலமாரியில் வைத்தாள். கமர்ஷியல் தெருக் கடையும் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதம் தையல் தராமல் விட்டவளுக்காக யார் காத்திருப்பார்கள்? ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. ஒருவேளைச் சாப்பாடு வழக்கமாயிற்று. ருக்கு கோபத்தையெல்லாம் மறந்து, அதே நீலப் பானையில் இட்லி அவித்து நாலு கொண்டுவந்து வைப்பாள். சவரிமுத்து ரயிலைக்கூடப் பார்ப்பதை விட்டுவிட்டான். சுவரைப் பார்த்தான்.

மார்ச் மாதம் அய்யாவு வந்தார். தங்கவயலில் மரம் கட்டுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி, சவரிமுத்துவைப் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்த்தவர். காண்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார்கள், கை தேர்ந்தவன் கிடைக்கவில்லை என்றார். பெர்னதெத் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சவரிமுத்துவைப் பார்த்தார்.

"இன்னாடா, வரியா?"

சவரிமுத்து பெர்னதெத்தின் பக்கம் திரும்பினான். சத்தியம் அவளிடம் செய்தது, விடுவிப்பதும் அவள்தான் செய்ய வேண்டும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்ததா, பயம் இருந்ததா என்று அவள் பிற்காலத்தில் எத்தனையோ தடவை யோசித்தாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இங்கே இருந்தால் இவன் சுவரைப் பார்த்தே செத்துப்போவான்.

"போங்க," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். வாயைக் கழுவச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

மறுநாள் அவன் போகும்போது சட்டை மூட்டைகளில் ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டான். சும்மா கிடப்பதற்கு நம் ஆட்களாவது போடட்டும் என்றான். மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. பெர்னதெத் அதை ருக்குவுக்கும் படித்துக் காட்டினாள்.

"பெர்னாவுக்கு, நான் சுகம். சட்டையைக் கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அத்தனை பேரும் அதைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். சாமியாரே திரும்பிப் பார்த்தார். பட்டன் பக்கத்தை யாரும் கேலி செய்யவில்லை. இது பெங்களூர் ஸ்டைல் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். மீதிச் சட்டையையும் அனுப்பு."

அனுப்பினாள். மே மாதக் கடிதம் இன்னும் நீளமாக இருந்தது. எல்லாம் தீர்ந்துவிட்டது, இன்னும் கேட்கிறார்கள், பட்டன் அதே பக்கம் இருந்தால்தான் வேண்டுமாம், மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரே பேசினார், அதனால் துணி வாங்கி வெட்ட ஆரம்பி என்று எழுதியிருந்தான். கடைசி வரி இது: "ஜூன் கடைசியில் கணக்குத் தீர்த்துக்கொண்டு மேலே வந்துவிடுகிறேன். அச்சுக் கட்டையை எரித்துவிடாதே."

பெர்னதெத் பாப்ளின் வாங்கினாள். அவனே சொன்னான் பாருங்கள், மேலே வந்துவிடுகிறேன் என்று. அந்தச் சொல்லைத் தையல் மிஷினை மிதிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டாள். ருக்குவின் உதவியோடு கதவைக் கழற்றித் தானே அச்சடித்தாள். அவள் அச்சு கொஞ்சம் கோணல்தான். பறவை வரைய வரவில்லை. கரிப்புள்ளிகளை அவனுக்காக அப்படியே விட்டுவைத்தாள்.

ஜூன் மாதம் இரண்டாம் புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். தெருவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ருக்கு உரக்கக் கூப்பிட்டாள்.

"பெர்னா! ஓடி வாடி! உன் சட்டைங்க வருது பாரு! ஒண்ணு, ரெண்டு... அடி, ஆறு பேரு!"

பெர்னதெத் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். உண்மைதான். சந்து முனையிலிருந்து ஆறு ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஆறு பேரும் அலைச் சட்டை போட்டிருந்தார்கள். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டைகள், பட்டன் கழுத்து வரைக்கும் மாட்டியிருந்தது. ஒக்கலிபுரத்துச் சந்தில் அந்த நீலம் அவ்வளவு அழகாக இருந்தது. அவளுக்குப் பெருமை பொங்கியது. அவரும் வந்திருப்பார், எங்கே என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முன்னால் அய்யாவு. அவருக்குப் பின்னால் நாலு பேர், பழகிய முகங்கள். கடைசியில் ஒரு பையன். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பிறகு புதன்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. புதன்கிழமை ஷிப்டை விட்டுவிட்டு ஒரு கூட்டமே ரயிலேறி ஏன் வர வேண்டும்? நல்லதோ கெட்டதோ, நாலு பேர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் போட்டுக்கொள்ள அவர்களிடம் அதைவிட நல்ல சட்டை கிடையாது.

அய்யாவு வாசலில் நின்றார். கையில் சவரிமுத்துவின் டிரங்குப் பெட்டி இருந்தது. வாயைத் திறந்தார். பெர்னதெத் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சொல்லப்போவதை அவர் சொல்லாமல் இருப்பதற்காக அவளே முந்திக்கொண்டாள்.

"நான்தான் அண்ணே போங்கன்னேன்," என்றாள். "அவரு கேக்கவே இல்ல. நான்தான் சொன்னேன்."